அரைமிதி அண்ணனின் பந்தயக் கார்

கார்ப் பந்தயத்தில் கடைசியாக வருவதற்கென்றே இந்த உலகத்தில் ஒரே ஒரு மனிதர்தான் பிறந்திருக்கிறார். அவரும் ஒசூரில், பாகலூர் ரோட்டுப் பக்கம் ஒரு மாடி ரூமில், எனக்குப் பக்கத்துக் கட்டிலில்தான் படுத்திருந்தார். எட்டுக் கார் ஓடினால் எட்டாவது வருவார். பதினாறு ஓடினால் பதினாறாவது. எதிராளியே இல்லாமல் தனியாக ஓட்டிப் பழகுகிற பகுதி ஒன்று உண்டு. அதில் முந்தின நாள் நாம் ஓட்டிய வேகத்திலேயே ஒரு நிழல் கார் கூட ஓடும். அந்த நிழலுக்கும் இடதுபக்கம் ஒதுங்கி வழிவிட்டுத் தன்னிடமே தான் தோற்றவர் அவர்.

பந்தயம் முடிந்ததும் என்னையும் பக்கத்து ரூம்காரர்களையும் கூப்பிடுவார். "ஏ தம்பி, வண்டியச் சுத்திப் பாருடே. எங்கயாச்சும் ஒரு கீறல் உண்டா?" இருக்காது. முதலாவதாக வந்தவன் கார் கதவு போய், கண்ணாடி போய், புகைந்துகொண்டு நிற்கும். இவர் கார் ஷோரூமில் நிற்பதுபோல் நிற்கும். உடனே எங்களை ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வைக்கு நாங்கள்தான் தோற்றவர்கள் என்று அர்த்தம்.

கார் என்றால் நிஜக் கார் இல்லை. கம்ப்யூட்டர் திரைக்குள் ஓடுகிற வீடியோ கேம் கார். ஆனால் அதை ஓட்டுவதற்கு அவர் வைத்திருந்த ஸ்டியரிங்கும், கிளட்ச், பிரேக், ஆக்சிலேட்டர் என்று காலுக்குக் கீழே மூன்று பெடல்களும் நிஜம். திருப்பினால் ஸ்டியரிங் கையை எதிர்த்துத் தள்ளும். கார் மேடு பள்ளத்தில் ஏறினால் கிடுகிடுவென்று ஆடும்.

கேட் பாஸில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அது சம்பளச் சீட்டோடு சரி. மற்றபடி கம்பெனியிலும் மெஸ்ஸிலும் தெருவிலும் அவர் பெயர் அரைமிதி. என்னைப்போன்ற சின்னவர்களுக்கு அரைமிதி அண்ணன். பெயர்க்காரணத்தை அவரே விளக்குவார், கேட்காவிட்டாலும்.

"கீபோர்டுல கார் ஓட்டுறவன் பொத்தான அமுக்குனா முழு வேகம். விட்டா ஒண்ணுமில்ல. நடுவுல ஏதாச்சும் உண்டா? பெடல் அப்படி இல்லடே. கட்டவிரல் நெனச்ச அளவுக்குப் போகும். கால் மிதி, அரை மிதி, முக்கா மிதி. மனுசனுக்கு அரை மிதி போதும், கேட்டியா."

இந்தத் தத்துவத்தை அவர் விளையாட்டோடு நிறுத்தியிருந்தால் நாங்கள் பிழைத்திருப்போம். உலகத்தில் உள்ள அத்தனை பேரையும் கீபோர்டு, பெடல் என்று இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார். கத்தினால் உச்சத்தில் கத்தி, மறுநிமிஷம் தோளில் கை போடும் எங்கள் சூப்பர்வைசர் கீபோர்டு. ஒருநாள் உப்பே போடாமல், மறுநாள் இரண்டு நாளுக்கும் சேர்த்துப் போடும் மெஸ் மாஸ்டர் கீபோர்டு. விட்டுவிட்டுத் தூறும் ஒசூர் மழை மட்டும் பெடல். ரூமில் ஃபேன் இரண்டிலும் ஓடக்கூடாது, மூன்றிலும் ஓடக்கூடாது. இரண்டரையில்தான் ஓட வேண்டும். அந்த ரெகுலேட்டருக்கு இரண்டரை என்று ஒரு இடமே கிடையாது. தீக்குச்சியைச் சொருகி நிறுத்தி வைத்திருந்தார்.

ஊர் அவருக்குச் சங்கரன்கோவில் பக்கம். எனக்குக் கெலமங்கலம். இரண்டு பேரும் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரே கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை. நான் சேர்ந்து சில மாசம்தான் ஆகியிருந்தது. அவர் ஒன்பது வருஷமாகக் காண்ட்ராக்ட். பதினோரு மாசத்துக்கு ஒருமுறை யூனிபாரத்தைத் துவைத்து மடித்துத் திருப்பிக் கொடுப்பார். பத்து நாள் கழித்து அதே யூனிபாரத்தை வேறு நம்பரோடு வாங்கிக்கொள்வார். ஒருமுறை அவர் சட்டைப்பையில் போன வருஷம் அவரே வைத்து மறந்த பஸ் டிக்கெட் இருந்தது.

அப்படிப்பட்டவருக்குத் திடீரென்று ஒரு வழி திறந்தது. கம்பெனியில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தவர் தை மாசம் ஓய்வு பெறுகிறார். அந்த இடத்துக்குக் காண்ட்ராக்ட் ஆட்களிலிருந்து ஒருவரை எடுத்துப் பர்மனென்ட் ஆக்கப்போவதாக நோட்டீஸ் ஒட்டினார்கள். கார் ஓட்டும் லைசென்ஸ் வேண்டும். வயது முப்பத்தைந்துக்குள் இருக்க வேண்டும். அண்ணனுக்கு முப்பத்தைந்து முடிய ஏழு மாசம் இருந்தது. ஃபோர்க்லிஃப்ட்டில் உதவிக்கு நின்று, பழைய ஆபரேட்டர் தயவில் யார்டுக்குள் நகர்த்தப் பழகியிருந்தார். லைசென்ஸ்தான் இல்லை. ஒசூரில் பர்மனென்ட் என்ற சொல்லுக்கு என்ன மதிப்பு என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. பெண் வீட்டார் மாப்பிள்ளையின் ஜாதகத்தைக் கேட்பதற்கு முன்னால் அதைத்தான் கேட்பார்கள்.

வேறு யாராக இருந்தாலும் நேராக டிரைவிங் ஸ்கூலுக்குப் போயிருப்பார்கள். அண்ணனும் போனார், இரண்டு நாள். மூன்றாம் நாள் சண்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

"அந்த வாத்தியாருக்கும் காலுக்குக் கீழ பிரேக்கும் கிளட்சும் இருக்குடே. நான் ஓட்டுதேன்னு நெனச்சுக்கிட்டு இருக்கேன், பாத்தா அவரு மிதிச்சுக்கிட்டு இருக்காரு. இதுல என் கால் எப்படிப் பழகும்?"

தன் காலுக்குத் தனியாகப் பழக்கம் கொடுக்க அவர் கண்டுபிடித்த வழிதான் வீடியோ கேம். ரூமில் ஏற்கெனவே ஒரு பழைய கம்ப்யூட்டர் வைத்திருந்தார். வெளிநாடு போகும் ஒரு பெங்களூர் இன்ஜினியர் தன் ஸ்டியரிங் செட்டை விற்கிறார் என்று கேள்விப்பட்டு, தீபாவளிக்குக்கூடக் கைவைக்காமல் வைத்திருந்த போனஸை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நானும் துணைக்குப் போனேன்.

திரும்பி வந்த பஸ் பயணம் இன்னும் கண்ணில் நிற்கிறது. பெடல்களை லுங்கியில் சுற்றி என் மடியில் வைத்தார். ஸ்டியரிங்கைத் தன் மார்போடு அணைத்துக்கொண்டு, டிரைவருக்கு நேர் பின்னால் இருந்த சீட்டில் உட்கார்ந்தார். பார்த்தவுடன் கண்டக்டர் கன்னடம் கலந்து கேட்டார்.

"ஏன் சாமி, நம்ம டிரைவர் மேலெ நம்பிக்கெ இல்வா?"

அண்ணன் ஸ்டியரிங்கை இன்னும் இறுக்கிப் பிடித்தார். பஸ் திரும்பும் இடமெல்லாம் தானும் திருப்பிக்கொண்டே வந்தார். அத்திப்பள்ளி தாண்டி ஒரு மாடு குறுக்கே வந்தது. டிரைவர் பிரேக் போட்டார். அண்ணனும் என் மடியில் இருந்த லுங்கி மூட்டையை ஓங்கி மிதித்தார். கர்நாடக எல்லை தாண்டும்போது நான் "அம்மா" என்று கத்தியது தமிழா கன்னடமா என்று யாருக்கும் தெரியாது.

ரூமில் ஸ்டியரிங்கைப் பொருத்த மேஜை இல்லை. வீட்டு ஓனரம்மா எப்போதோ போட்டுவைத்த பழைய தையல் மிஷின் ஒன்று மூலையில் கிடந்தது. மிஷினைக் கழற்றி வைத்துவிட்டு அதன் பலகையில் ஸ்டியரிங்கை முடுக்கினார். பெடல்கள் தரையில் வழுக்கிக்கொண்டு போகாமலிருக்க அவற்றுக்குப் பின்னால் ஒரு அரிசிச் சிப்பத்தை முட்டுக் கொடுத்தார். ஆக, கிளட்ச், பிரேக், ஆக்சிலேட்டர், தையல் மிஷின் என்று அவர் காரில் நான்கு பெடல்கள். அவசரத்தில் கால் தவறி நான்காவதை மிதித்துவிட்டு, "பிரேக் புடிக்க மாட்டேங்குடே" என்று அலறுவார். தையல் மிஷினின் சக்கரம் மட்டும் கடகடவென்று சுற்றும்.

உட்காரும் நாற்காலிக்குப் பழைய பையின் வாரைக் கட்டி சீட் பெல்ட் ஆக்கினார். கம்பெனியில் கொடுத்த இரும்பு முனை ஷூவைப் போட்டுக்கொண்டுதான் ஓட்டுவார், ஃபோர்க்லிஃப்ட்டில் அதைத்தான் போட வேண்டும் என்பதற்காக. ஸ்டியரிங்கில் இண்டிகேட்டர் இல்லாததால் திரும்புவதற்கு முன் வலது கையை ஜன்னல் பக்கம் நீட்டுவார். பின்னால் வரும் பதினைந்து பந்தயக் கார்களும் அதைப் பார்த்து வேகத்தைக் குறைக்கும் என்று நம்பினார்.

கீழ்வீட்டில் இருந்த ஓனரம்மா பாகலூர்க்காரர். வீட்டில் கன்னடம், கடையில் தெலுங்கு, எங்களைத் திட்டத் தமிழ். மூன்றாம் நாள் சாயங்காலம் படியேறி வந்துவிட்டார்.

"ஏனப்பா, மேல என்ன தடதடன்னு? ரைஸ் மில்லு வெச்சிருக்கீங்களா? என் சீலிங்குல இருந்து சுண்ணாம்பு சாம்பார்ல உதுருது!"

நாங்கள் நடுங்கிக்கொண்டு நின்றோம். ரூமைக் காலி செய்யச் சொன்னால் போக்கிடம் இல்லை. அண்ணன் பதறவே இல்லை. சீட் பெல்ட்டைக் கழற்றி எழுந்து, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தன் இடதுபக்கம் போட்டார். "வாங்கம்மா, உக்காருங்க. ஒரு ரவுண்டு போயிட்டு வருவோம்" என்றார். ஓனரம்மா திட்ட வாயைத் திறந்தபடியே உட்கார்ந்தார். திரையில் மலைப்பாதை விரிந்தது. முதல் வளைவில் ஓனரம்மா வலதுபக்கம் சாய்ந்தார். இரண்டாவது வளைவில் இடதுபக்கம் சாய்ந்து சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"ஸ்வல்ப மெதுவா போப்பா. எனக்கு வாந்தி வர்ற மாதிரி இருக்கு."

பந்தயம் நடக்கிறது. பதினைந்து கார்கள் சீறிக்கொண்டு போய்விட்டன. அண்ணன் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டார். என்னைப் பார்த்து, "தம்பி, அம்மாவுக்கு ஒரு சோடா வாங்கியா" என்றார். சோடா குடித்து, காற்று வாங்கி, ஓனரம்மா "சரி, போலாம்" என்று சொன்ன பிறகுதான் வண்டி கிளம்பியது. அதற்குப் பிறகு அந்தம்மா சத்தத்தைப் பற்றிப் பேசியதே இல்லை. வாரம் ஒருமுறை தலை சீவிப் பூ வைத்துக்கொண்டு மேலே வருவார். "இந்த ரோடு தர்மஸ்தலா கோயிலுக்குப் போகுமா?" என்று கேட்பார். "பாத்துப் போவோம்மா" என்பார் அண்ணன்.

ஆயுத பூஜை வந்தது. ஒசூரில் அன்றைக்குப் பொட்டு வைக்காத இரும்பே கிடையாது. லேத் முதல் லாரி வரை எல்லாம் குளித்து, மாலை போட்டு நிற்கும். அண்ணனும் ஸ்டியரிங்குக்குச் சந்தனம் பூசி, வாழைக்கன்று கட்டி, பொரி கடலை வைத்து, சூடம் காட்டினார். வண்டி என்றால் சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்க வேண்டும். இவர் வண்டிக்குச் சக்கரம் திரைக்குள் இருக்கிறது. ரொம்ப நேரம் யோசித்தார். பிறகு மூன்று பெடல்களுக்கும் அடியில் ஒவ்வொரு பழம் வைத்தார்.

"ஜெய் ஆஞ்சநேயா" என்று ஓனரம்மா கன்னத்தில் போட்டுக்கொள்ள, அண்ணன் மூன்றையும் ஒரே மிதியில் நசுக்கினார். சாறு தெறித்தது. தெறித்ததில் பாதி பெடலுக்குள் போனது. பூஜை போட்ட வண்டியைச் சும்மா வைக்கக்கூடாது என்று ஒரு பந்தயத்தை ஆரம்பித்தார்.

கார் பாய்ந்தது. அண்ணன் காலை எடுத்தார். கார் நிற்கவில்லை. இரண்டு காலையும் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டார். அப்போதும் கார் முழு வேகத்தில் பறந்தது. எலுமிச்சைச் சாறு உள்ளே போய் ஆக்சிலேட்டர் முழுசாக மிதித்தபடியே இருப்பதாகக் கம்ப்யூட்டர் நினைத்துக்கொண்டது. பிரேக் வேலை செய்யவில்லை. கையில் இருந்தது ஸ்டியரிங் மட்டும்தான். "ஐயோ, ஒதுங்குங்கலே! ஒதுங்குங்க!" என்று கத்திக்கொண்டே வளைத்து, நெளித்து, மூன்று பேரை உரசி, முதல் இடத்தில் வந்து சேர்ந்தார். திரையில் வாணவேடிக்கை. நாங்கள் அவரைத் தூக்கிக்கொண்டு குதித்தோம். அவர் முகம் செத்துப்போயிருந்தது.

"எறக்கி விடுங்கடே. இது ஓட்டுனதா? இது கீபோர்டு."

வாழ்க்கையில் அவர் ஜெயித்த ஒரே பந்தயம் அதுதான். அதைக் கணக்கில் சேர்க்க மறுத்துவிட்டார். இரண்டு நாள் பெடலைக் கழற்றிப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் தொட்டுத் துடைத்துச் சரி செய்தார்.

இதுவரைக்கும் நான் சிரித்துக்கொண்டே எழுதிவிட்டேன். இனிமேல் வருவதில் கொஞ்சம் என் வண்டவாளமும் இருக்கிறது.

ஐப்பசியில் எனக்குக் கம்பெனியில் ஆறு மாசம் முடிந்தது. ஹெச்.ஆர். கூப்பிட்டு, "உன்கிட்டத்தான் லைசென்ஸ் இருக்கே, நீயும் ஃபோர்க்லிஃப்ட் வேலைக்கு எழுதிப் போடு" என்றார். எங்கள் அப்பா தக்காளி ஏற்றிய டெம்போவில் பத்தொன்பது வயதிலேயே கை பழகியவன் நான். எழுதிப் போட்டேன். அண்ணனிடமும் சொன்னேன். "நல்லது தம்பி, போடு போடு" என்று முதுகில் தட்டினார். அவர் நிஜமாகவே சந்தோஷப்பட்டார். நான்தான் அன்றிலிருந்து அவரை நேருக்கு நேர் பார்க்க முடியாமல் திரிந்தேன்.

அந்த விளையாட்டில் ஒரு செட்டிங் உண்டு. கையில் உள்ள ஸ்டியரிங்கை எவ்வளவு சுற்றினால் கார் எவ்வளவு திரும்ப வேண்டும் என்பதை அதில் வைத்துக்கொள்ளலாம். நிஜக் கார் மாதிரி வைத்தால், முழுசாகத் திருப்ப ஒரு பக்கத்துக்கே ஒன்றேகால் சுற்று சுற்ற வேண்டும். பந்தயத்தில் அது கைவலி. குறைத்து வைத்தால் கால் சுற்றுக்கே கார் வளைந்துவிடும். அண்ணனின் ஸ்டியரிங் நிஜக் கார் அளவில்தான் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் சந்தைக்குப் போயிருந்தபோது பக்கத்து ரூம்காரர்களோடு போட்டி போட்டேன். ஜெயிப்பதற்காக அதைக் குறைத்தேன். பிறகு பழையபடி வைக்க மறந்துவிட்டேன். இதுவரை தப்பில்லை.

இரண்டு நாள் கழித்து அண்ணன் பெருமையாக என்னிடம் சொன்னார். "தம்பி, இப்பல்லாம் ஸ்டியரிங் எனக்கு அடங்கிட்டுடே. லேசா ஒரு திருப்பு, வண்டி சொன்ன பேச்சுக் கேக்கு. கைப்பழக்கம் வந்துட்டு."

அப்போது சொல்லியிருக்கலாம். "ஆமாண்ணா, நல்லாத் திருப்புறீங்க" என்றேன். அன்றைக்கு மட்டுமில்லை, ஒரு மாசம் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் கால் சுற்றில் பழகப் பழக, அந்த வேலை எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் வருவதாக இருந்தது.

லைசென்ஸ் டெஸ்ட் அன்று நானும் ஓனரம்மாவும் கூடப் போனோம். வாடகைக்குப் பேசி எடுத்த டிரைவிங் ஸ்கூலின் சின்னக் காரில் அண்ணன் ஏறி, பெல்ட் போட்டு, கண்ணாடியைச் சரிபார்த்து, கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார். பக்கத்தில் பிரேக் இன்ஸ்பெக்டர். ஜன்னல் கண்ணாடி இறக்கியிருந்ததால் பேச்சு எங்களுக்கும் கேட்டது. மைதானத்தைச் சுற்றி வளைந்து வர வேண்டும். வளைவு வந்தது. அண்ணன் வலது கையை வெளியே நீட்டிவிட்டு, லேசாக ஒரு திருப்பு திருப்பினார். கார் கொஞ்சம்போல முகத்தைக் காட்டிவிட்டு, வேப்பமரத்தடியில் விண்ணப்பங்கள் வைத்திருந்த மேஜையை நோக்கிப் போனது.

"திருப்புங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

"திருப்பிட்டேன் சார்."

"இன்னும் திருப்புங்க!"

"இவ்வளவுதான் சார் திரும்பும்."

நல்லவேளை, அரை மிதி. கார் நடக்கிற வேகத்தில்தான் வந்தது. மரத்தடியில் இருந்தவர்களுக்குத் தாராளமாக நேரம் இருந்தது. முதலில் காகிதக் கட்டுகளை எடுத்தார்கள். பிறகு நாற்காலிகளை. பிறகு மேஜையை இரண்டு பேர் தூக்கினார்கள். ஒருவர் திரும்பி வந்து தண்ணீர்க் கேனையும் எடுத்துக்கொண்டு போனார். எல்லாம் காலியான இடத்தில் கார் வந்தபோது இன்ஸ்பெக்டர் ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். வண்டி குலுங்கி அணைந்தது. அண்ணன் ஸ்டியரிங்கின் வலது ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"என்னய்யா தேடுறீங்க?"

"ரீசெட் பட்டன் சார். அமுக்குனா முதல்ல இருந்து ஆரம்பிக்கலாம்."

மைதானமே சிரித்தது. இன்ஸ்பெக்டர் சிரிப்பை அடக்க முடியாமல் இறங்கிப் போய் மரத்துக்குப் பின்னால் நின்று சிரித்துவிட்டு வந்து, ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார். ஓனரம்மாகூட முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அண்ணன் ரூமுக்கு வந்து, ஷூவைக் கழற்றி, கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"ஒம்பது வருசம் ஆச்சுடே. எனக்குக் கை கூடி வரல போல" என்றார்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அதன் அர்த்தம் எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மறுநாள் மத்தியானம் ஷிப்ட் முடிந்து வந்து அவர் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்கும்போது, கம்ப்யூட்டரைப் போட்டேன். அவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே செட்டிங்கைத் தேடி, நிஜக் கார் அளவுக்கு மாற்றி வைத்தேன். சாயங்காலம் அவர் உட்கார்ந்து திருப்பினார். "என்னடே, கனமா இருக்கு?" என்றார். "நிஜக் கார் அப்படித்தாண்ணா இருக்கும். நல்லாச் சுத்துங்க" என்றேன். அந்த வாரம் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னும், இன்னும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். ஓனரம்மாவும் சேர்ந்துகொண்டார். மூன்று பேர் சுற்றிய சுற்றில் தையல் மிஷின் பலகையே ஒரு சாண் நகர்ந்துவிட்டது.

இரண்டாவது டெஸ்டில் பாஸானார். அவர் காரில் ஏறியதும் மரத்தடியில் இருந்தவர்கள் தாங்களாகவே மேஜையைத் தூக்கிக்கொண்டு போனார்கள் என்பது தனிக்கதை.

தை பிறப்பதற்கு முன்னால் கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் சோதனை. பழைய ஆபரேட்டர் அதற்குள் எனக்கும் ஓட்டப் பழக்கிவிட்டிருந்தார். கடைசியில் மிஞ்சியது இரண்டே பேர். அண்ணனும் நானும். சரக்கு அடுக்கும் மரத்தட்டில் கேன்டீனிலிருந்து இருபத்துநான்கு டம்ளர் டீயைத் தளும்பத் தளும்ப வைத்தார்கள். தூக்கிக்கொண்டு, யார்டில் நிறுத்தியிருந்த பீப்பாய்களுக்கு நடுவே வளைந்து போய், மேனேஜர் முன்னால் இறக்க வேண்டும்.

நான் விட்டுக்கொடுத்தேன் என்று இங்கே எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். உண்மை அதில்லை. ஜெயிக்கத்தான் ஓட்டினேன். சர்ரென்று போய் இறக்கினேன். கைதட்டினார்கள். பார்த்தால் ஒன்பது டம்ளரில் பாதிதான் இருந்தது, இரண்டு கவிழ்ந்து கிடந்தன.

அடுத்து அண்ணன். பெல்ட் போட்டார். முதல் பீப்பாயில் திரும்புவதற்கு முன் கையை வெளியே நீட்டினார். யார்டில் வேறு வண்டியே இல்லை. ஃபோர்க்லிஃப்ட்டில் பாதி மிதித்து அங்குலம் அங்குலமாக நகர்த்துவதற்கென்றே ஒரு பெடல் உண்டு. அவருக்காகவே செய்து வைத்ததுபோல் இருந்தது அது. கேன்டீன் மாஸ்டர் தவித்தார். "யப்பா, டீ ஆறுதுப்பா! ஆடை கட்டுதுப்பா!" அண்ணன் காதில் விழவில்லை. ஒரு வழியாக வந்து, இறக்கி, ஹார்ன் அடித்து, இறங்கிப் போய்த் தட்டைச் சுற்றிப் பார்த்தார். ஒரு சொட்டு சிந்தவில்லை. மேனேஜர் ஒரு டம்ளரை எடுத்து, ஆறிப்போன டீயை ஆடையோடு குடித்தார்.

"வேகமா வர்றதுக்கு எனக்கு நெறைய ஆளு இருக்காங்க. இப்படி வர்றதுக்கு இவர் ஒருத்தர்தான்."

அன்றைக்கு எனக்கு வலித்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆர்டர் கைக்கு வந்த மத்தியானம் அண்ணன் என்னைத்தான் முதலில் தேடிக்கொண்டு வந்தார். கேட்டுக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்தோம். காகிதத்தை நாலாக மடித்துப் பையில் வைப்பார், எடுப்பார், படிப்பார், திரும்ப மடிப்பார். எனக்குத் தாங்கவில்லை.

"அண்ணா, ஒண்ணு சொல்லணும். அந்த ஸ்டியரிங் செட்டிங்க மாத்துனது நான்தான். நீங்க தப்பாப் பழகுறது தெரிஞ்சும் சொல்லாம இருந்துட்டன். வேணும்னேதான் சொல்லல."

அவர் டீயை ஊதிக்கொண்டே, "தெரியும்டே" என்றார்.

எனக்கு உயிரே போனது. "எப்படித் தெரியும்?"

"அன்னைக்கு மத்தியானம் என்னைய எட்டி எட்டிப் பாத்துக்கிட்டே அத நோண்டிக்கிட்டு இருந்தேல்லா? நான் துண்டுக்குள்ள முழிச்சுக்கிட்டுதான் கெடந்தேன். ஃபெயிலானவனுக்கு மத்தியானத்துல எப்படிடே தூக்கம் வரும்?"

"அப்பவே ஏன்ணா கேக்கல?"

"என்னத்தக் கேக்க? நீ கெடுத்தத நான் பாக்கல. சரி பண்ணதத்தான் பாத்தேன்." டம்ளரை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "நான் பாத்தது எனக்குப் போதும்டே. டீயக் குடி."

குடித்தேன். எப்படிக் குடித்தேன் என்று கேட்காதீர்கள். கடைக்காரர் "என்னப்பா, காரமா இருக்கா?" என்று கேட்டார், வெறும் டீக்கு.

பங்குனியில் என் காண்ட்ராக்ட் முடிந்தது. பெங்களூர் போய், ஒரு அச்சகத்தில் சேர்ந்து, எழுத்து வேலைக்கு வந்து, இப்போது உங்கள் முன்னால் இந்தப் பக்கத்தில் நிற்கிறேன். அண்ணன் இன்னும் அங்கேதான் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். நான் வீட்டில் ஒரே பிள்ளை, கூடப் பிறந்தவர்கள் யாரும் கிடையாது. ஆனால் யாராவது "உனக்கு அண்ணன் தம்பி உண்டா?" என்று கேட்டால், யோசிக்காமல் "ஒசூரில் ஒருத்தர் இருக்கிறார்" என்று சொல்லிவிடுகிறேன்.